உச்ச நீதிமன்றத்தில் இடம் காலியானால் யார் நிரப்புவார்?

2023 செப்டம்பர் 1, சிங்கப்பூரில் அதிபர் தேர்தல் நாள். வாக்குச்சாவடி வரிசையில் பெரியம்மா விசிறிக்கொண்டே கேட்டார்: "அதிபருக்கு அப்படி என்னப்பா வேலை? திறப்பு விழாவுக்குப் போறதுதானே?" நீதிபதி நியமனம் என்றேன். அவர் நம்பவில்லை.

அமெரிக்காவில் நடந்ததைச் சொன்னேன். 2016 பிப்ரவரியில் நீதிபதி ஸ்காலியா இறந்தார். அதிபர் ஒபாமா மெரிக் கார்லண்டின் பெயரைக் கொடுத்தார். தேர்தல் ஆண்டு என்று காரணம் காட்டி, நியமனத்தை உறுதிசெய்யும் மேலவையான செனட்டில் பெரும்பான்மை வைத்திருந்த குடியரசுக் கட்சி அவரை விசாரணைக்குக்கூட அழைக்கவில்லை. 2020 செப்டம்பர் 18இல் நீதிபதி கின்ஸ்பர்க் இறந்தார். தேர்தலுக்கு ஏழு வாரம்கூட இல்லை. அதே கட்சி அக்டோபர் 26இல் ஏமி பேரட்டை 52க்கு 48 என்று உறுதிசெய்தது. மொத்தம் ஒன்பதே நீதிபதிகள், அதுவும் ஆயுள் பதவி. சண்டை வராமல் என்ன செய்யும்?

சரி, இங்கே? பெயரைச் சொல்பவர் பிரதமர். தலைமை நீதிபதி பதவியைத் தவிர மற்ற நீதிபதிகளுக்கு, அவர் முதலில் தலைமை நீதிபதியுடன் கலந்தாலோசிக்க வேண்டும். அப்புறம் அதிபர், தம் ஆலோசகர் மன்றத்தைக் கேட்டுவிட்டு, சுயமாக முடிவெடுப்பார். பிடிக்கவில்லை என்றால் மறுக்கலாம். மன்றமும் அவர் பக்கம் நின்றால் அந்த மறுப்பே முடிவு. மன்றம் பெயரை ஆதரித்தும் அவர் மறுத்தால் மட்டும், தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வாக்களித்து அதை மாற்றலாம். மற்றபடி நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பே கிடையாது.

தகுதி பத்து ஆண்டுச் சட்ட அனுபவம். ஓய்வு வயது 65. அதனால் எந்த நாற்காலி எப்போது காலியாகும் என்பது பெரும்பாலும் முன்கூட்டியே தெரியும். யாருடைய மரணத்துக்கும் காத்திருக்க வேண்டாம். என் பார்வையில் இதுதான் பெரிய பாதுகாப்பு.

ஆனால் 65க்குப் பிறகும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருவரை நியமிக்கலாம். சான் செக் கியோங் 2006இல் தலைமை நீதிபதியானபோது வயது 68. 2012 வரை இருந்தார். திறமையானவரை இழக்காமலிருக்க இது நல்ல வழிதான். ஆனாலும் நீட்டிப்பை எதிர்பார்க்கும் நீதிபதியின் மனம் சுதந்திரமாக இருக்க வேண்டுமே! அதனால் நான் மிகவும் கவனிக்கும் இடம் இதுதான். இதற்கும் அதிபரின் இசைவு வேண்டும்.

இப்போதைய தலைமை நீதிபதி சுந்தரேஷ் மேனனுக்கு 65 நிறைவது 2027 பிப்ரவரியில். அதற்குப் பிறகு அவரே தொடர்ந்தாலும் புதியவர் வந்தாலும் அதிபர் சம்மதிக்க வேண்டும். பெரியம்மா விசிறுவதை நிறுத்திவிட்டு, அடையாள அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டார்.