பெவிலியன்: வண்ணத்துப்பூச்சியில் பிறந்த கட்டடம்

கிரிக்கெட் செய்தியில் ஒருவர் ஆட்டமிழந்தால் அவர் 'பெவிலியன் திரும்பினார்' என்று எழுதுவது தமிழ் ஏடுகளின் பழக்கம். திரும்பும் இடம் எது என்று கேட்டால் பலரும் பார்வையாளர் இருக்கைகளைக் காட்டுவார்கள். அங்குதான் குழப்பம் தொடங்குகிறது.

லத்தீனில் 'பாப்பிலியோ' என்றால் வண்ணத்துப்பூச்சி. இழுத்துக் கட்டிய துணி சிறகு விரித்தாற்போல் தோன்றியதால் கூடாரத்துக்கும் ரோமானியர் அந்தப் பெயரையே வைத்தார்கள். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல், திடலோரத்தில் ஆட்டக்காரர்கள் உடை மாற்றவும் இளைப்பாறவும் எழுப்பிய கட்டடத்துக்குப் பெயராகி நிலைத்தது. லண்டன் லார்ட்ஸ் திடலின் பழைய பெவிலியன் 1825இல் எரிந்துபோனது. இன்று நிற்பது 1890இல் திறக்கப்பட்டது.

சிங்கப்பூரில் இந்தப் பொருளைக் கண்ணால் காண பாடாங் திடலுக்குப் போனால் போதும். 1852இல் தொடங்கிய சிங்கப்பூர் கிரிக்கெட் மன்றத்தின் மாளிகை ஒரு முனையிலும், யுரேசியர்கள் 1883இல் நிறுவிய பொழுதுபோக்கு மன்றம் மறுமுனையிலும் உள்ளன. கிரிக்கெட் மன்ற மாளிகை 1884ஆம் ஆண்டுக் கட்டடத்தைக் கருவாகக் கொண்டு பின்னர் விரிவாக்கப்பட்டது. ஆட்டக்காரர் தங்குமிடமும் அதுதான், உறுப்பினர் அமர்ந்து ஆட்டம் பார்க்கும் தாழ்வாரமும் அதுதான். இரண்டு பணியும் ஒரே கூரையின் கீழ் நடந்ததே பொருள் கலந்துபோனதற்குக் காரணம் என்பது என் கணிப்பு. பாலஸ்டியர் பகுதியில் இந்தியர் சங்கமும் 1928இல் தோன்றிய சிலோன் விளையாட்டு மன்றமும் இதே மரபில் வந்தவை.

சென்னை சேப்பாக்கத்தில் கலப்பு இன்னும் முற்றியது. 1846இல் தோன்றிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் பழைய பெவிலியன் உண்மையான பெவிலியனாக இருந்தது. அதே அரங்கில் ரசிகர் அமரும் இடத்துக்கும் 'அண்ணா பெவிலியன்' என்ற பெயர் வந்தது. 2011 உலகக் கிண்ணத்துக்காக அரங்கம் புதுப்பிக்கப்பட்டபோது எழுந்த ஐ, ஜே, கே பகுதிகள் கட்டட அனுமதிச் சிக்கலால் பல ஆண்டுகள் பூட்டிக்கிடந்தன. 2023 மார்ச்சில் திறந்த புதிய பகுதிக்குக் கலைஞர் மு. கருணாநிதி பெயர் வைக்கப்பட்டது. இவையெல்லாம் பார்வையாளர் இடங்கள். இவற்றைப் 'பெவிலியன்' என்பது பொருந்தாது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'கூடாரம்' வேர்ப்பொருளுக்கு நெருக்கம்தான், ஆனால் செங்கல் கட்டடத்தை அப்படிச் சொன்னால் சர்க்கஸ் வந்திருப்பதாக நினைப்பார்கள். 'மண்டபம்' என்றதும் திருமணம் நினைவுக்கு வருகிறது. சங்கப் பாடல்களில் உயர்ந்த மாளிகையைக் குறித்த 'மாடம்' பார்வையாளர் மாடமாக ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. அதை அங்கேயே விடலாம். ஆட்டக்காரர்களின் கட்டடத்துக்கு 'வீரர் கூடம்' என்பதை நான் பரிந்துரைப்பேன்.

சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) பேட்டைகளில் கூரையிட்டுத் திறந்திருக்கும், திருமணத்துக்கும் துக்கத்துக்கும் முன்பதிவு செய்யும் 'பெவிலியன்' வேறு வகை. அதற்குப் 'பொதுக்கூடம்' பொருந்தும். செய்தியில் வரும் 'பெவிலியன் திரும்பினார்' என்பதற்கோ புதுச்சொல்லே தேவையில்லை. 'ஆட்டமிழந்தார்' என்று எழுதினால் போதும், ஒரு சொல்லும் மிச்சம்.