கவிழ்ந்த சீட்டும் கட்டில் இருக்கும் சீட்டும்

குமுளியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மழைக்காலத்தில் ஏலத்தோட்ட வேலை நின்றால் அவர் வீட்டுத் திண்ணையில் ‘இருபத்தெட்டு’ என்ற சீட்டாட்டம் களைகட்டுமாம். கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த தங்கை மகன், புளியங்கொட்டைகளைப் பந்தயமாக வைத்து ‘ஏழு சீட்டு ஸ்டட்’ என்ற போக்கரைக் கற்றுக்கொடுத்திருக்கிறான். “எனக்கு வேண்டிய சீட்டு கிடைக்குமா என்று கணக்குப் போடும்போது, எதிராளி கையில் கவிழ்ந்திருக்கும் சீட்டுகளையும் அவன் சேர்த்து எண்ணுகிறான். அவை எனக்கு வரப்போவதே இல்லையே, இது சரியா?” என்று கேட்கிறார். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் சிறு பந்தயம் வைத்தபின் ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்தும் ஒன்று திறந்தும் போடப்படும். திறந்ததில் மிகச் சிறிய சீட்டை வைத்திருப்பவர் பந்தயத்தைத் தொடங்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றாக மூன்று திறந்த சீட்டு, கடைசியில் ஒன்று கவிழ்த்து. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயத்தைக் கூட்டலாம், ஈடுகொடுக்கலாம், சீட்டைக் கவிழ்த்து விலகலாம். இந்தக் கட்டங்களில், திறந்த சீட்டுகள் யாருக்கு வலுவாகத் தெரிகின்றனவோ அவரே முதலில் பேசுவார். இறுதியில் ஏழில் சிறந்த ஐந்தைக் கொண்டு வெற்றி தீர்மானிக்கப்படும். ஜோடி, இரு ஜோடி, மூன்று ஒரே எண், வரிசை, ஒரே சின்னத்தில் ஐந்து என மதிப்பு ஏறும். அதற்கு மேலும் மூன்று படிகள் உண்டு. 52 சீட்டில் 5 எடுக்க 25,98,960 வழிகள். அவற்றில் அரிதாக அமைவதே உயர்ந்தது.

இனி கணக்கு. ஐந்து பேர் ஆடுகிறீர்கள். உங்களுக்கு வந்த முதல் நான்கு சீட்டும் ஆட்டின். இன்னும் மூன்று வரவிருக்கின்றன, ஒரு ஆட்டின் வந்தால் போதும். மற்ற நால்வரிடமும் திறந்து கிடப்பவை எட்டு சீட்டுகள். உங்கள் நான்கையும் சேர்த்து 12 தெரிந்தவை, 40 தெரியாதவை. அந்த எட்டில் ஆட்டின் ஒன்றுமில்லை என்றால் மீதி ஒன்பதும் தெரியாத 40-க்குள் இருக்கின்றன. உங்கள் வாய்ப்பு 54.5 சதவீதம். எட்டில் ஐந்து ஆட்டின் என்றால் 27.7 சதவீதம். உங்கள் கையில் எதுவும் மாறவில்லை, ஆனால் வாய்ப்பு பாதியாகிவிட்டது!

ஆனால் அந்த 40-ல் எட்டு எதிராளிகளிடம் கவிழ்ந்து கிடக்கின்றன. வாசகரின் சந்தேகம் இங்கேதான். ஊரில் குலுக்கல் சீட்டு எடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சொம்பில் இருபது துண்டுச் சீட்டு, ஒன்றில்தான் பரிசு. பன்னிரண்டு பேர் எடுத்தாகிவிட்டது. அவர்களில் எட்டுப் பேர் பிரித்துப் பார்த்தார்கள், எல்லாம் வெற்று. நான்கு பேர் பிரிக்காமல் மடியில் வைத்திருக்கிறார்கள். இப்போது சொம்புக்குள் கைவிடும் உங்களுக்கு என்ன வாய்ப்பு? மிச்சம் எட்டுத் துண்டுகள்தான் என்பதால் எட்டில் ஒன்று என்று தோன்றும். உண்மையில் பன்னிரண்டில் ஒன்று. பரிசுத் துண்டு மடியில் போயிருக்கவும் கூடும். பிரிக்காத துண்டு மடியில் இருந்தாலும் சொம்பில் இருந்தாலும் உங்கள் அறிவுக்கு இரண்டும் சமம். மடியிலுள்ள ஒன்றைச் சொம்பிலுள்ள ஒன்றோடு யாரும் அறியாமல் மாற்றி வைத்தால்கூட உங்கள் கணக்கில் எதுவும் மாறாது. நிகழ்தகவில் இதைவிட அழகான வாதம் எனக்குத் தெரியாது. சீட்டு எங்கே கிடக்கிறது என்பதற்கு அதில் இடமே இல்லை, நமக்குத் தெரிந்தது எவ்வளவு என்பதே கணக்கு.

எனவே தங்கை மகன் சொன்னது சரி. இருபத்தெட்டில் 32 சீட்டும் நால்வருக்கும் பங்கிடப்பட்டுவிடுவதால், தெரியாதவை எல்லாமே பிறர் கையில்தான். அந்தப் பழக்கமே உங்களைக் குழப்பியிருக்கும். ஒரு எச்சரிக்கை: எதிராளி பந்தயத்தைத் துணிந்து ஏற்றினால், கவிழ்ந்த சீட்டைப் பற்றி அவர் உங்களுக்கு ஏதோ சொல்கிறார். அப்போது சமநிலை குலையும். விலகியவர்களின் திறந்த சீட்டுகளும் கவிழ்த்து அகற்றப்படும்; அவற்றை நினைவில் வைத்திருப்பவரே இந்த ஆட்டத்தில் தேர்ந்தவர்.

கைராசி, உட்காரும் திசை, ராகுகாலம் ஆகியவற்றில் எதுவும் அந்த 40-ஐ 39 ஆக்காது. நன்கு படித்தவர்கள்கூட இடம் மாறி உட்காருவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நிகழ்தகவைச் சூத்திரமாக மட்டும் மனப்பாடம் செய்ய வைக்கிறோம். சூதாட்டம் என்று அஞ்சாமல் ஒவ்வொரு வகுப்பறைக்கும் ஒரு சீட்டுக்கட்டு கொடுக்கலாம். செலவு மிகக் குறைவு. பணம் வைத்து ஆடுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன், புளியங்கொட்டை போதும்.

இத்தனை வாதமும் சீட்டு நன்றாகக் கலைந்திருந்தால்தான் செல்லும். கட்டை இரண்டாகப் பிரித்து ஓரங்களைக் கோத்துக் கலைக்கும் முறையில் சுமார் ஏழு தடவை தேவை என்று பேயர், டயகோனிஸ் என்ற இரு கணிதவியலாளர்கள் 1992-ல் நிறுவினார்கள். நம் வீடுகளில் கையில் வைத்துச் சிறு கொத்துகளாக உருவிப் போடுவது அதைவிடப் பல மடங்கு மெதுவானது. முந்தைய ஆட்டத்தின் ஜோடிகள் பிரியாமலே அடுத்த ஆட்டத்துக்கு வந்துவிடும். குமுளித் திண்ணையில் எப்படிக் கலைக்கிறார்கள் என்று வாசகர் எழுதினால் மகிழ்வேன்.