கழிமுகம்

ஆடி மாதம் பவானி கூடுதுறைக்குப் போனால் பல நாள் தண்ணீர் செங்கலங்கலாக ஓடும். படித்துறையில் பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருமுறை கேட்டார்: "ஏனுங் தம்பி, இத்தன மண்ணும் கடலுக்குப் போயிருமுங்ளா? போனது போனதுதானுங்ளா?" அவருக்குச் சொல்ல வேண்டிய பதில் கழிமுகம் என்ற சொல்லில் இருக்கிறது.

பாடப் புத்தகத்தில் எஸ்சுவரி என்று படித்தது இதைத்தான். அதன் வேர் இலத்தீன் மொழியில் கொதிப்பையும் பொங்குதலையும் குறித்த சொல்; கடல் பொங்கி ஏறுவதற்கும் அதே சொல் வழங்கியது. தமிழ் வேறு பக்கமிருந்து பார்த்தது. கழி என்றால் கரைக்குள் புகுந்து கிடக்கும் உப்புநீர். சங்கப் பாடல்களின் நெய்தல் நிலம் முழுக்கக் கழிதான். அந்த உப்புநீரும் ஆறும் கூடும் வாய் கழிமுகம். கடலைக் காணாத நம் பக்கத்துப் பிள்ளைகள் கழி என்றதும் கழிவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். உப்பங்கழி என்று ஒருமுறை சொல்லிக் கொடுத்தால் போதும், தெளிந்துவிடும்.

முகத்துவாரம் என்பதையும் இதற்கு ஈடாக எழுதுகிறார்கள். படகு போய்வரும் திறப்புக்கு அது சரி. 'முகத்துவாரம் தூர்ந்துபோச்சு' என்று மீனவர்கள் சொல்வது அந்தத் திறப்பைத்தான். ஆறு கடலில் புகும் இடத்துக்குப் புகார் என்ற அழகான பழஞ்சொல் உண்டு. காவிரிப்பூம்பட்டினத்தின் பெயரே அது. ஆனால் ஆறு கடலில் புகுவது போலவே கடலும் ஆற்றில் புகுகிறது. அந்த இரண்டாவது பாதியைக் கழிமுகம்தான் சொல்கிறது. என் ஓட்டு அதற்கே.

கடல் ஏறி இறங்குவதற்கு ஓதம் என்று பெயர். சுவரில் ஈரம் ஏறினால் 'ஓதம் ஏறிருச்சு' என்கிறோமே, அதே சொல். தமிழகக் கரையில் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை ஓதம் ஏறும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மிகும், அஷ்டமி வாக்கில் அடங்கும். ஏறும்போது கனமான உப்புநீர் அடியில் ஆப்பு போல நுழைய, நன்னீர் மேலே மிதந்து வெளியேறும். மேல்நீரிலிருந்து கீழிறங்கும் வண்டலை அடிநீர் மறுபடி உள்ளே தள்ளிவிடும். ஏற்றம் வேகமாகவும் வற்றம் நிதானமாகவும் இருக்கும் இடங்களில், உள்ளே வந்த மண்ணை எல்லாம் வற்றம் திரும்பக் கொண்டுபோக முடியாது. இரண்டுக்கும் நடுவே நீர் அசையாமல் நிற்கும் சற்று நேரத்தில் வண்டல் படியும். அடுத்த ஓட்டம் அதைக் கிளப்பும். அதனால் உப்பும் நன்னீரும் சந்திக்கும் பகுதியில் ஆற்றைவிடவும் கடலைவிடவும் கலங்கல் மிகுந்திருக்கும். மழைக்காலப் பெருவெள்ளம் வந்தால் மட்டும் மொத்தத்தையும் கடலுக்குள் அடித்துத் தள்ளிவிடும்.

ஆக, பெரியவர் கேட்டதற்குப் பதில்: போவது உண்டு, திரும்புவதும் உண்டு. காவிரி மண்ணில் ஒரு பங்கு அதுவரைகூடப் போவதில்லை. 1934 முதல் மேட்டூரில் தங்கிவிடுகிறது.

இதில் உப்புக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. அன்று கூடுதுறையிலிருந்து ஒரு பாட்டில் கலங்கல் நீர் கொண்டுவந்தேன். இரண்டு டம்ளரில் ஊற்றி, ஒன்றில் மட்டும் ஒரு கரண்டி கல்லுப்பைக் கரைத்தேன். கொஞ்ச நேரத்தில் அதில் நுண்மண் ஒன்றோடொன்று ஒட்டித் திரிதிரியாக இறங்கத் தொடங்கியது. சாயங்காலம் உப்பு டம்ளரின் அடியில் சேறு, மேலே தெளிந்த நீர். மற்றது அப்போதும் டீ நிறத்திலேயே இருந்தது.