மீயகலத்திரை: அல்ட்ராவைடு மானிட்டரைத் தமிழில் எப்படிச் சொல்வது?

புது மானிட்டரை மேசையில் நிறுத்தி, ஒரு சின்னப் பெட்டிக் கணினியோடு கம்பியை மாட்டினேன். படம் வந்தது, திரை முழுக்கவே வந்தது. ஆனால் கடிகாரத்தின் வட்டம் முட்டையைப் படுக்க வைத்தது போல இருந்தது. புகைப்படத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் ஒரே நாளில் கன்னம் உப்பியிருந்தது. 34 அங்குல அல்ட்ராவைடு அது, வழக்கத்தைவிட அகலம் கூடிய திரை. பெட்டி 1920×1080 புள்ளி அளவில் படம் அனுப்ப, மானிட்டர் அதை இருபுறமும் இழுத்துத் தன் உடம்புக்குப் போர்த்திக்கொண்டது. பிழைச்செய்தி ஒன்றுகூட வரவில்லை.

மானிட்டர் என்ற சொல்லுக்கே ‘எச்சரிப்பவர்’ என்றுதான் பொருள் என்பது இதில் வேடிக்கை.

இலத்தீனில் ‘மோனேரே’ என்றால் நினைவூட்டு, அறிவுறுத்து, எச்சரி. அதைச் செய்கிறவர் ‘மோனிட்டோர்’. 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது அது பள்ளிக்கூடத்துச் சொல்லாக இருந்தது: மற்ற பிள்ளைகளை மேய்க்கும் மூத்த மாணவன். நம் திண்ணைப் பள்ளியில் அவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். இந்த இரண்டு பேரும் ஓரிடத்தில் நேரில் சந்தித்தும் இருக்கிறார்கள். 1789இல் சென்னையில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். மணல் எழுத்தையும், தெரிந்த பிள்ளையே தெரியாத பிள்ளைக்குச் சொல்லித்தரும் வழக்கத்தையும் தன் பள்ளியில் புகுத்தினார். 1797இல் இலண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்றும் ‘மானிட்டோரியல் முறை’ என்றும் அது அங்கே பரவியது.

1862இல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் இறங்கிய இரும்புக் கவசக் கப்பலுக்கும் மானிட்டர் என்றுதான் பெயர், எதிரிக்கு எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று வைத்தது. உடும்புக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர். முதலை வருவதை அது எச்சரிக்கும் என்ற நம்பிக்கையை அதற்குக் காரணமாகச் சொல்வார்கள். ‘உடும்புப்பிடி’ என்று சொல்லி வைத்த நம் ஆட்கள் இன்னும் கிட்டப்போய்ப் பார்த்திருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கணினிக்கு இந்தச் சொல் தொலைக்காட்சி நிலையம் வழியாக வந்தது. ஒளிபரப்பாகும் படம் சரியாகப் போகிறதா என்று பார்க்க அங்கே ஒரு பெட்டி வைத்திருப்பார்கள். அது ‘மானிட்டர்’. கணினி உலகில் முதலில் மானிட்டர் என்பது திரையே அல்ல, மற்ற நிரல்களை மேற்பார்க்கும் நிரல். பிறகுதான் பெயர் கண்ணாடித் திரையில் வந்து ஒட்டிக்கொண்டது.

வேரைப் பிடித்து மொழிபெயர்த்தால் மானிட்டர் ‘கண்காணி’ ஆக வேண்டும். பழைய சொல்தான். சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் காரியங்களை மேற்பார்ப்பவர்கள் ‘கண்காணி’ என்று வருகிறார்கள். அதே சொல் பிறகு ‘கங்காணி’ ஆகி, இலங்கை, மலாயாத் தோட்டங்களில் கூலிக்கு ஆள் பிடித்து வேலை வாங்கியவரின் பெயராகி, ஆங்கில அகராதிக்குள்ளும் போனது. இவ்வளவு கசப்பைச் சுமக்கும் சொல்லை மேசைத் திரைக்கு வைக்க யாருக்கும் மனம் வராது. தவிர, அது நம்மைக் கண்காணிப்பதில்லை, நாம்தான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கண்காணித்தலை வினைக்கு விட்டுவிட்டுக் கருவிக்குத் தமிழில் ‘திரை’ என்று வைத்தது நல்ல முடிவு. கணினித்திரை, கணித்திரை, திரையகம் என்று மூன்று வடிவங்கள் புழங்குகின்றன. திரையகம் பெட்டியைச் சேர்த்துச் சொல்வதால் மானிட்டருக்கு மிக நெருக்கம், ஆனால் பேச்சில் ஏறவில்லை. எழுத்தில் நான் கணித்திரை என்பேன், பேச்சில் மானிட்டர் என்றே சொல்லிவிட்டுப் போவேன்.

திரை என்ற சொல்லின் உள்ளே இன்னும் நிறைய இருக்கிறது. கடலில் எழுவது திரை. மூப்பில் தோலில் விழுவதும் திரை, ‘நரை திரை மூப்பு’ என்கிறோமே அது. மறைக்கத் தொங்கவிடும் துணியும் திரை. மூன்றிலும் சுருண்டும் மடிந்தும் விரிவது என்ற ஒரே சாயல். பழைய நாடக மேடைத் துணிக்கு எழினி என்று தனிப்பெயர் உண்டு. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று வகை சொல்கிறது. ஒன்று ஒரு பக்கமிருந்து வரும், ஒன்று இரு பக்கமிருந்து வந்து சேரும், ஒன்று மேலிருந்து இறங்கும். மறைப்பதற்கென்று இருந்த திரை, சினிமா வந்த பிறகு காட்டுவதற்கானதாகிவிட்டது. ஒரு சொல் தன் வேலைக்கு நேர் எதிரான வேலையைச் செய்ய ஆரம்பித்தும் யாரும் கவனிக்காமல் போன இடம் இது.

சரி, ‘அல்ட்ராவைடு’க்கு வருவோம்.

‘அல்ட்ரா’ இலத்தீனில் ‘அப்பால்’. ஊதா நிறத்துக்கு அப்பால் இருக்கும் கதிர் ‘புற ஊதா’ ஆனதும், காது கேட்கும் எல்லைக்கு மேலே போன ஒலி ‘மீயொலி’ ஆனதும் இதனால்தான். இரண்டுமே சரியான ஆக்கங்கள், ஆனால் இரண்டும் ஒரே வேலையைச் செய்யவில்லை. ‘புற’ ஓர் இடத்தைச் சொல்கிறது, ‘மீ’ ஓர் அளவைச் சொல்கிறது. அல்ட்ராவைடில் இருப்பது அகலத்துக்கு அப்பால் உள்ள ஏதோ ஒன்று அல்ல, வழக்கத்தை மிஞ்சிய அகலம். ஆகவே ‘புற அகலம்’ என்றால் சிரிப்பார்கள். ‘மீ’ பொருந்தும். கணக்குப் பாடத்தில் மீச்சிறு பொது மடங்கு, மீப்பெரு பொது வகுத்தி என்று படித்தவர்களுக்கு அது புதிதும் அல்ல. மீ + அகலம், நடுவில் யகர உடம்படுமெய் வந்தால் ‘மீயகலம்’. அதனோடு திரை சேர்ந்தால் மீயகலத்திரை.

‘அகலத்திரை’ போதாதா என்று கேட்கலாம். அது முன்பே குடியேறிய சொல். அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 4:3 என்றிருந்த பழைய திரைக்குப் பிறகு வந்த 16:9 திரைதான் அகலத்திரை. இப்போது சாதாரணம் என்று நாம் நினைப்பதே ஒரு காலத்து அகலம். ‘அகன்ற திரை’யோ 1953இல் சினிமாஸ்கோப் வந்ததிலிருந்து தியேட்டருக்கு உரிமையாகிவிட்டது. அதற்கும் மேலே ஒரு படி வேண்டும் என்பதால்தான் மீ.

விளம்பரத்தில் மீயகலத்திரையின் விகிதம் 21:9 என்று போட்டிருக்கும். அது ஒரு செல்லப்பெயர். 2560×1080 திரையின் உண்மை விகிதம் 64:27. 3440×1440 திரைக்கு 43:18. 3840×1600 திரைக்கு 12:5. மூன்றில் ஒன்றுகூட 21:9 இல்லை. 16:9 பக்கத்தில் வைத்துச் சொல்லச் சுலபமாக இருப்பதால் அந்த எண் நின்றுவிட்டது. 64:27க்குள் ஓர் அழகு ஒளிந்திருக்கிறது: 4:3ஐ அதனாலேயே ஒருமுறை பெருக்கினால் 16:9, இன்னொரு முறை பெருக்கினால் 64:27. பழைய தொலைக்காட்சி, இன்றைய திரை, மீயகலத்திரை மூன்றும் ஒரே ஏணியின் படிகள். என் கடிகார வட்டம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அகலமாகி முட்டையானதும் அந்த 4:3இன் வேலைதான்.

அங்குலமும் ஏமாற்றும். திரையை மூலைக்கு மூலை அளக்கிறார்கள், அகலம் கூடக் கூட அந்த மூலைவிட்டம் உயரத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. 34 அங்குல மீயகலத்திரை சுமார் 80 சென்டிமீட்டர் அகலம், 33 சென்டிமீட்டர் உயரம். அது சாதாரண 27 அங்குலத் திரையின் உயரம்தான். 27ஐ வைத்திருப்பவர் 34 வாங்கினால் இரண்டு தோள்பக்கமும் கொஞ்சம் இடம் கிடைக்கும், தலைக்கு மேல் ஒன்றும் கிடைக்காது. 32:9 விகிதத்தில் வரும் 49 அங்குலத் திரையோ இரண்டு 27 அங்குலத் திரைகளை நடுச்சட்டம் இல்லாமல் ஒட்டியதற்குச் சமம்.

‘அகல உழுவதை விட ஆழ உழு’ என்பார்கள். திரையில் ஆழம் என்பது புள்ளி அடர்த்தி. 34 அங்குலத்தில் 3440×1440 இருந்தால் அங்குலத்துக்கு 110 புள்ளிகள் வரும். அதே 34 அங்குலத்தில் 2560×1080 என்றால் 82தான், எழுத்தின் ஓரம் பிசிறும். 2560×1080 வேண்டுமென்றால் 29 அங்குலத்தோடு நின்றுகொள்ளலாம், அதில் 96 வரும். நாள் முழுக்க எழுத்தைப் பார்த்து வேலை செய்பவர் பெட்டிமேல் இருக்கும் அங்குலத்தை விட்டுவிட்டு இந்த எண்ணைப் பார்ப்பது நல்லது. புள்ளிக்குப் படவணு என்றொரு சொல் உண்டு. எனக்கு அது பிடிக்கும், பிக்சல் என்று சொல்பவரோடு சண்டைக்கும் போகமாட்டேன்.

இனி பெட்டியின் பக்கம். மினி பிசி என்பதைத் தமிழாக்கப் போனால் ஒரு சிக்கல் நிற்கும். சிறுகணினி, குறுங்கணினி என்பவை 1960களின் மினிகம்ப்யூட்டருக்குப் பாடப்புத்தகங்கள் கொடுத்துவிட்ட பெயர்கள். அந்தச் ‘சிறு’ ஓர் அலமாரி உயரம் இருந்தது. கையடக்கக் கணினி என்றால் கையில் பிடித்துப் பயன்படுத்துவது. இந்த வகைப் பெட்டியை ஆங்கிலத்தில் ‘காம்பாக்ட்’ என்றும் சொல்லலாம், அதன் இலத்தீன் வேர் ‘நெருக்கிச் சேர்த்தது’ என்ற பொருளில் வருகிறது. அதற்கு நம் ‘அடக்கம்’ அச்சாகப் பொருந்தும். அடக்கமான கணினி, சுருக்கினால் அடக்கக்கணினி. சாதாரணப் பேச்சில் ‘குட்டிக் கணினி’ என்று சொன்னாலும் குற்றம் இல்லை.

இந்த இரண்டையும் சேர்க்கும் சொல் ‘கம்பாட்டிபிள்’. வேரைத் தோண்டினால் ‘கூடவே துன்பப்படுவது’ என்று வருகிறது. கணினியோடு இருந்தவர்களுக்கு அது புரியும். தமிழில் இணக்கம், ஒத்தியல்பு, பொருத்தம் என்று மூன்று இருக்கின்றன. எனக்குப் பொருத்தம்தான் பிடிக்கும், ஏனென்றால் அது ‘பார்க்க’ வேண்டிய ஒன்று. பொருத்தம் பார்ப்பது என்கிறோம், இணக்கம் பார்ப்பது என்பதில்லை.

அடக்கக்கணினிக்கும் மீயகலத்திரைக்கும் பொருத்தம் பார்ப்பதில் முக்கால்வாசி, பெட்டியின் பின்புறம் இருக்கும் ஓட்டைகளைப் பார்ப்பதுதான். தனி கிராபிக்ஸ் அட்டை செருக அதில் பெரும்பாலும் இடம் இருக்காது, பிறந்தபோது இருந்த வழிதான் கடைசிவரை. 3440×1440 என்றால் 49,53,600 புள்ளிகள். முழு எச்டியைப் (1920×1080) போல 2.4 மடங்கு, 4கேயில் (3840×2160) அறுபது விழுக்காடு. 24 பிட் நிறத்தோடு வினாடிக்கு 60 முறை அனுப்ப 7 ஜிகாபிட்டுக்குச் சற்று மேலே வேண்டும், இடைவெளிகளுக்கென்று இன்னும் கொஞ்சம். படத்தைத் திரைக்குக் கொண்டுபோகும் இணைப்பு வகைகளில் எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் இரண்டும் முக்கியம். 2009இல் வந்த எச்டிஎம்ஐ 1.4இன் கொள்ளளவு வினாடிக்கு 10.2 ஜிகாபிட், குறியாக்கத்துக்குப் போக மிஞ்சுவது 8.16. காகிதத்தில் இடம் இருக்கிறது, ஆனால் பழைய அடக்கக்கணினிகள் பலவற்றின் சில்லு அதுவரை எட்டாது. 50 ஹெர்ட்ஸிலோ (வினாடிக்கு 50 முறை) 30இலோ நின்றுவிடும், அல்லது அந்த அளவையே காட்டாது. 30 ஹெர்ட்ஸில் சுட்டெலியை நகர்த்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அம்பு சேற்றில் நடக்கும். 2013இன் எச்டிஎம்ஐ 2.0க்கு 18 ஜிகாபிட், டிஸ்ப்ளேபோர்ட் 1.2க்கு 21.6. இந்த இரண்டில் ஒன்று இருந்தால் 60 ஹெர்ட்ஸுக்குக் கவலை இல்லை. 5120×1440ஐ 120 ஹெர்ட்ஸில் ஓட்ட ஆசைப்படுவது அகலக்கால். அதற்கு டிஸ்ப்ளேபோர்ட் 1.4 அளவுக்காவது வேண்டும்.

யுஎஸ்பி-சி வாய் இருக்கிறதே என்று நம்பி வாங்காதீர்கள். வடிவம் ஒன்றுதான், குணம் வேறு. சில வாய்கள் தரவை மட்டும் கடத்தும், படம் வராது. பக்கத்தில் டிஸ்ப்ளேபோர்ட் குறியோ தண்டர்போல்ட் என்ற இணைப்பு வகையின் மின்னல் குறியோ இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு வழி, கையேட்டைப் படிப்பது உறுதியான வழி. ஒரே கம்பியில் மின்சாரமும் வரும் என்று மானிட்டர் பெட்டியில் பெருமையாக எழுதியிருப்பது பெரும்பாலும் மடிக்கணினிக்காரர்களுக்கு. அடக்கக்கணினிகளில் பல தங்கள் சொந்த அடாப்டரைத்தான் கேட்கும்.

அப்புறம் முதுகு. மானிட்டரின் பின்னால் பெரும்பாலும் 100 மில்லிமீட்டர் சதுரத்தில் நான்கு திருகுத் துளைகள் இருக்கும், வெசா துளைகள் என்பார்கள். அடக்கக்கணினியை அங்கேயே தொங்கவிட்டு மேசையைக் காலியாக்கலாம் என்பது பலருடைய கனவு. சில மானிட்டர்களில் அதே நான்கு துளைகளில்தான் நிலைக்கால் மாட்டியிருக்கும். கால் வேண்டுமா, கணினி வேண்டுமா என்று கேட்கும். வளைந்த திரை என்றால் 1500ஆர், 1800ஆர் என்று எழுதியிருப்பது வளைவின் ஆரம், மில்லிமீட்டரில். எண் குறையக் குறைய வளைவு கூடும்.

என் முட்டைக் கடிகாரத்தின் கதை இவ்வளவுதான். பெட்டியில் எச்டிஎம்ஐ 1.4 ஒன்று, டிஸ்ப்ளேபோர்ட் ஒன்று. கையில் கிடைத்த கம்பி எச்டிஎம்ஐ என்பதால் அதை மாட்டியிருந்தேன். அமைப்புகளில் அளவுகளின் பட்டியலைத் திறந்தால் 3440×1440 என்ற வரியே இல்லை. டிஸ்ப்ளேபோர்ட் கம்பியை எடுத்து மாற்றி மாட்டினேன். திரை இரண்டு வினாடி இருண்டது, பிறகு பட்டியலின் உச்சியில் அந்த வரி வந்து நின்றது. கடிகாரம் மறுபடி வட்டமானது.