ஏயோலிபைல் (ஆவிச்சுழற்கோளம்): சொல் விளக்கம்

ஏயோலிபைல் என்பது, தன்னிடமிருந்து பீறிடும் நீராவியின் எதிர்விசையால் சுழலும் உள்ளீடற்ற உலோக உருண்டை. கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹீரோ என்னும் பொறியறிஞர், ‘நியூமாட்டிக்கா’ என்னும் கிரேக்க நூலில் இதன் அமைப்பை விவரித்துள்ளார். அடியில் தீ எரியும் மூடிய கொப்பரையிலிருந்து ஒரு வளைந்த குழாய் ஆவியை உருண்டைக்குள் கொண்டுசெல்லும். மறுபக்கம் ஒரு முளை உருண்டையைத் தாங்கி நிற்கும். உருண்டையின் உடலில் எதிரெதிராக வளைந்த இரு குழல்கள் வழியே ஆவி வெளியேற, உருண்டை அதற்கு எதிர்த்திசையில் சுற்றும்.

பெயர் இலத்தீனிலிருந்து வந்தது. கிரேக்கப் புராணத்தில் காற்றுகளை ஆள்பவன் ஏயோலுஸ்; ‘பிலா’ என்றால் பந்து. பின்பகுதியை வாயில் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லோடு இணைத்து, ‘ஏயோலுஸின் வாயில்’ என்று பொருள் கொள்வோரும் உண்டு. ஆனால் ஹீரோ தம் கருவியை இப்பெயரால் அழைக்கவில்லை. அவருக்கு முன்பே, கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த உரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியுஸ் இச்சொல்லை ஆண்டிருக்கிறார். அவர் சுட்டியது, சிறு துளையுள்ள வெண்கலக் கலத்தில் நீர் ஊற்றித் தீயருகே வைத்து, காற்று எவ்வாறு பிறக்கிறது என்று காட்டும் சுழலாத கலத்தை. பிற்காலத்தார் அப்பெயரைச் சுழலும் உருண்டைக்கும் சூட்டினர்.

ஆகவே தமிழில் இரண்டையும் பிரித்துச் சொல்வதே சரி. விட்ருவியுஸின் கலத்துக்கு ‘வளிப்பந்து’ போதும். ஹீரோவின் கருவிக்கு ‘ஆவிச்சுழற்கோளம்’ பொருந்தும். நூலின் பெயருக்கு அடியான ‘நியூமா’ மூச்சு, காற்று, உயிர் என விரிவது போல, நம் ‘ஆவி’யும் உயிர், மூச்சு, நீராவி என்று பல பொருள் தருவதால், இச்சொல் மூலத்துக்கு நெருக்கமாகவே அமைகிறது. ‘நீராவி எந்திரம்’ என்பது மட்டும் கூடாது. எந்திரம் என்றால் ஏதேனும் ஒரு வேலையைச் செய்ய வேண்டும், இக்கருவியோ எதையும் இறைக்கவில்லை, அரைக்கவில்லை.

ஏன் செய்யவில்லை என்ற கேள்விக்கு, அடிமைகள் மலிவாகக் கிடைத்ததால் எந்திரம் தேவைப்படவில்லை என்ற விடை வழக்கமாகக் கூறப்படுகிறது. தூண்களைக் குறைந்த செலவில் கொண்டுசெல்ல ஒருவர் காட்டிய வழியைப் பேரரசர் வெஸ்பாசியன் பரிசளித்துவிட்டு மறுத்தார், எளிய மக்களின் பிழைப்பைக் காரணம் காட்டினார் என்று உரோமானிய வரலாற்றாசிரியர் சுவெட்டோனியுஸ் எழுதியதையும் இதற்குச் சான்றாக்குவர். இவ்விடை எனக்கு நிறைவளிக்கவில்லை. அதே உரோமானியர்தாம் தென் பிரான்சின் பார்பெகாலில் 16 நீர்ச்சக்கரங்களை அடுக்கி மாவரைத்தனர். நீரின் விசை கைக்கெட்டிய இடத்தில் அதைப் பயன்படுத்த அவர்கள் தயங்கவில்லை.

தடை பெரும்பாலும் கருவிக்குள்ளேயே இருந்தது. குறைந்த அழுத்தத்தில்கூட, பீறிடும் ஆவியின் வேகம் விநாடிக்கு நூறு மீட்டரை எளிதில் தாண்டும். ஒரு சாண் அகலமுள்ள உருண்டை நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றினாலும் அதன் விளிம்பின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 18 மீட்டர்தான். எனவே விறகு தந்த ஆற்றலில் பெரும்பங்கு ஆவியோடே வெளியே போய்விடும். எஞ்சுவது விரைவு மிகுந்த, முறுக்குவிசை (சுழற்றும் வலு) குன்றிய சுழற்சி. திரிகைக்கல்லுக்கும் சுரங்க நீரிறைப்புக்கும் வேண்டியதோ மெதுவான, வலுவான இயக்கம். பல்சக்கரங்களால் வேகத்தைக் குறைக்கலாம். ஆனால் அக்கால மரப்பற்கள் அத்தகைய வேகத்தில் விரைவில் தேய்ந்துபோகும். குழாயும் உருண்டையும் சேரும் மூட்டில் இன்னொரு சிக்கல்: இறுக்கினால் உராய்வு பிடித்து நிறுத்தும், தளர்த்தினால் ஆவி கசியும்.

பிற்கால நீராவி எந்திரத்தின் உறுப்புகளான உருளையும் (சிலிண்டர்) உந்துதண்டும் (பிஸ்டன்) அன்றே இருந்தன என்பதுதான் வியப்பு. ஹீரோவுக்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன், அதே நகரில் கிடெசிபியோஸ் அவற்றைக் கொண்டு நீரேற்றி செய்திருந்தார். ஆயினும் அவற்றை ஆவியோடு இணைக்கத் தூண்டும் கருத்து இல்லை. காற்றுக்கு எடை உண்டு, வெற்றிடத்தை உண்டாக்கினால் அந்த எடையே உந்துதண்டை அழுத்தும் என்பது 17ஆம் நூற்றாண்டில், இத்தாலியின் டோரிசெல்லி, ஜெர்மனியின் கெரிக்கே ஆகியோரின் ஆய்வுகளுக்குப் பிறகே தெளிவாயிற்று. 1712இல் இங்கிலாந்தின் டட்லி அருகே நியூகோமன் நிறுவிய, சுரங்க நீரை இறைக்கும் நீராவி எந்திரம் அந்தக் கருத்தின் மேல் நின்றது: உருளையிலுள்ள ஆவியைக் குளிர்வித்துச் சுருக்க, வெளிக்காற்று உந்துதண்டை கீழே தள்ளியது. அதுவும் எரிபொருளை வாரி விழுங்கியதுதான்; ஆனால் நின்ற இடம் நிலக்கரிச் சுரங்கத்தின் வாயில் என்பதால் அந்த வீண்செலவு பொறுத்துக்கொள்ளப்பட்டது.

ஆவிச்சுழற்கோளத்தின் எதிர்விசைத் தத்துவத்துக்கு வேலை கிடைக்க மேலும் காத்திருக்க வேண்டியிருந்தது. 1880களில் சுவீடனின் டி லாவல், பாலிலிருந்து பாலேட்டைப் பிரிக்கும் கலத்தை நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று சுழற்ற, வளைந்த கைகள் வழியே ஆவி பீறிடும் நீராவிச்சுழலியைச் செய்தார். வலுவைக் காட்டிலும் விரைவு வேண்டிய வேலை அது. 1884இல் இங்கிலாந்தின் பார்சன்ஸ், ஆவியின் அழுத்தத்தைப் படிப்படியாக இறக்கும் பலகட்டச் சுழலியால் ஒரு மின்னாக்கியை நிமிடத்துக்கு 18,000 சுற்று ஓட்டினார்.