அன்னாசியைத் திட்டாதீர்கள், மாப்பையைப் பாருங்கள்

ஞாயிறு காலை வீட்டிலே பான்கேக், மேலே அன்னாசி. அரை மணித்தியாலத்தில் கண்ணிமை வீங்குகிறது, தோல் தடிக்கிறது, நெஞ்சு இழுக்கிறது. அவசர சிகிச்சைப் பிரிவில் குடும்பமே ஒரே குரலில், "அன்னாசி கிரந்தி டொக்டர், அப்பவே சொன்னனான்." இதே கதை இன்னொருமுறை வந்துவிட்டது. இனி எழுதாமல் இருக்க முடியாது.

பச்சை அன்னாசியிலுள்ள புரோமிலைன் என்ற நொதியம் நாக்கையும் உதட்டையும் கடிக்கும். அடுப்பில் வைத்தால் அந்தக் குணமும் போய்விடும். பழ ஒவ்வாமை இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் போன கிழமை காலிமுகத்திடலில் மிளகாய்த்தூள் தூவிய அன்னாசியை வாங்கித் தின்று சுகமாக வீடு திரும்பியவருக்கு இன்று மட்டும் ஏன் மூச்சு முட்டுகிறது? முட்டையா? அடிக்கடி பொரித்துச் சாப்பிடுகிறார். கோதுமையா? இரவுச் சாப்பாடே பாண்தான். மிஞ்சுவது, வாய் திறந்தபடி அலுமாரிக்குள் கிடந்த அந்த அரைப்பை மா.

அதற்குள் சிற்றுண்ணிகள் பெருகியிருக்கும். அரை மில்லிமீற்றர்கூட இல்லாதவை, கண்ணுக்குத் தெரியாது. வண்டைக் காணவில்லை என்று நிம்மதி அடையாதீர்கள், வண்டு வேறு. 25 முதல் 30 பாகை வெப்பமும் நல்ல ஈரப்பதமும்தான் இவற்றுக்கு வேண்டும். வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கத்துக் குசினி இரண்டையும் வருடம் முழுக்கத் தருகிறது. சிற்றுண்ணி பெருகிய மாவைச் சாப்பிட்டு வரும் இந்த ஒவ்வாமைக்கு மருத்துவத்தில் பான்கேக் நோய்க்குறி என்றே பெயர். ஆஸ்துமாவோ தும்மல், மூக்கொழுகலோ ஏற்கெனவே உள்ளவர்களைத்தான் பெரும்பாலும் பிடிக்கிறது. அவர்களில் பலருக்கு அஸ்பிரின், டைக்ளோபினாக் போன்ற வலிமாத்திரைகளும் ஒத்துக்கொள்வதில்லை. கோதுமைச் சாற்றை வைத்துத் தோல் பரிசோதனை செய்தால் ஒன்றும் வராது. "அலர்ஜி இல்லையாம்" என்று மகிழ்ந்து, வீட்டுக்குப் போய் அதே மாவைக் கரைப்பார்கள்!

"தாச்சியில வெந்ததுதானே டொக்டர்?" வெந்தாலும் ஒவ்வாமையைத் தூண்டும் சிற்றுண்ணிப் புரதம் அழிவதில்லை. அரித்தாலும் வெயிலில் காயவைத்தாலும், புட்டுக்கு அவிப்பதுபோல அவித்தாலும் இதே கதைதான். பூச்சி சாகும், அதன் உடலும் எச்சமும் மாவிலேயே இருக்கும்.

ஆகவே பை திறந்த அன்றே மா முழுவதையும் காற்றுப் புகாத டப்பாவில் கொட்டி, திகதி எழுதி, பிரிட்ஜில் வையுங்கள். உடுப்புக் கிளிப் போட்டு மூடுவது மூடுவதல்ல. பழைய மாவின் மேல் புதியதைக் கொட்டவே வேண்டாம். கடையில் வாங்கும் பான்கேக் கலவைக்கும் இதே சட்டம்தான். நத்தாருக்கு உடைத்த பக்கற் சித்திரைக்கும் அலுமாரியில் இருந்தால் குப்பையில் போடுங்கள், தயவு செய்து.

இனிப் பான்கேக் சுடுவோம். நாலு பேருக்கு 200 கிராம் மா போதும். 2 தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு மேசைக்கரண்டி சீனி, ஒரு முட்டை, 250 மில்லிலீற்றர் பால், 2 மேசைக்கரண்டி உருக்கிய பட்டர். கட்டி தெரிகிறதே என்று அடித்துக்கொண்டே இருந்தால் இறப்பராகிவிடும். பத்து நிமிடம் ஊறவிடுங்கள். அரை அன்னாசியை நறுக்கி, 2 மேசைக்கரண்டி சீனியும் ஒரு துண்டு கறுவாவும் சேர்த்து ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டால் மேலே ஊற்றத் தயார்.

சாப்பிட்டபின் மூச்சு இழுத்தால், குரல் கம்மினால், தலை சுற்றினால் கொத்தமல்லி அவித்துக் கொடுத்துக்கொண்டு நிற்காதீர்கள். பிரிட்டோன் என்ற அலர்ஜி மாத்திரை தோல் கடியைக் குறைக்கும், அடைத்த தொண்டையைத் திறக்காது. தேவை அட்ரினலின், தொடையின் வெளிப்பக்கத் தசையில். உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள். ஆளை நடக்கவிடாமல் படுக்கவையுங்கள். மூச்சு முட்டினால் கால் நீட்டி உட்காரட்டும்.

இப்படி ஒவ்வாமை வந்த பின் கோபத்தில் அந்த மாவை எறிந்துவிடாதீர்கள். இரண்டு கரண்டி மாவை ஒரு பையில் இறுக்கிக் கட்டி, பக்கற்றோடு கொண்டு வாருங்கள். நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்க்கலாம்.