பழ ஈ இல்லை, காடி ஈ

போன வாரம் சித்தி மகள் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினாள். வெள்ளைத் தட்டில் எள்ளளவுக்குப் பழுப்பாக ஒரு புள்ளி. பெரிதாக்கிப் பார்த்தால் செங்கல் நிறத்தில் இரண்டு கண்கள். பூச்சிகளை அடையாளம் காட்டும் செயலி ஒன்று அதற்குப் 'பழ ஈ' என்று பெயர் வைத்துவிட்டது. அவள் அந்தப் பெயரைத் தமிழில் தேடி, மெத்தில் யூஜினால் என்ற கவர்ச்சிப் பொருள் வைத்த பொறி ஒன்றை வாங்கி அடுக்களையில் மாட்டியிருக்கிறாள். "மூணு நாளாச்சு அண்ணா, ஒண்ணுகூட விழல" என்றாள். எப்படி விழும்?

வேளாண்மை எழுதுகிறவர்கள் பழ ஈ என்று சொல்வது பாக்ட்ரோசெரா பேரினத்தை. அது கிட்டத்தட்ட வீட்டு ஈ அளவு இருக்கும். மாங்காய், கொய்யா தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடும். அதில் சில இனங்களின் ஆண் ஈக்களைத்தான் மெத்தில் யூஜினால் இழுக்கும். அடுக்களையில் சுற்றுவது துரோசோபிலா. அதற்கு நீளம் 3 மில்லிமீட்டர்தான். நல்ல பழத்தைத் துளைக்க வரவில்லை. அளவுக்கு மீறிக் கனிந்து நுரைக்கத் தொடங்கிய பழத்தில் வளரும் ஈஸ்ட்டைத் தின்ன வருகிறது. குடும்பமே வேறு.

துரோசோபிலா என்ற பேரினப் பெயர் 1823-இல் வந்தது. கிரேக்கத்தில் 'பனித்துளி விரும்பி' என்று பொருள். 1910-இல் அமெரிக்க மரபியலாளர் மார்கன் தான் வளர்த்த இந்த ஈக்களில் வெள்ளைக் கண் கொண்ட ஒரு ஆண் ஈயைப் பார்த்தார். இந்த ஈக்களை வைத்துச் செய்த மரபியல் ஆய்வுக்காக 1933-இல் நோபல் பரிசு வாங்கினார். பூச்சிக்கும் புகழ் வந்தது. பெயர் ஆராய்ச்சி இவ்வளவு போதும்.

இனி வழக்குக்கு வருவோம். 'பழ ஈ நிலைத்துவிட்ட சொல், எல்லாருக்கும் புரிகிறது, ஏன் கிளறுகிறாய்?' என்பார்கள். நிலைத்தது தோட்டத்து ஈக்கு. அதே பெயரை அடுக்களை ஈக்கும் ஒட்டியது மொழிபெயர்ப்பாளர்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர் புழங்குகிறது. அங்கேயும் பூச்சியியலாளர்கள் முணுமுணுக்கிறார்கள். அவர்கள் வீட்டுக் குழப்பத்தை நாம் ஏன் வாடகைக்கு எடுக்க வேண்டும்? 'பழப்பூச்சி' இன்னும் மோசம். பழத்தில் நெளிகிற எதையும் அப்படிச் சொல்லலாம். 'பனிவிரும்பி' அழகுதான், ஆனால் இந்த ஈ விரும்புவது பனியை அல்ல.

அது விரும்புவது புளித்ததை. புளித்த நீருக்கும் வினிகருக்கும் தமிழில் காடி என்ற பெயர் பழையது. ஆகவே காடி ஈ. ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் 'வினிகர் ஈ' என்ற பெயர் உண்டு, ஆனால் நான் அதற்காகச் சொல்லவில்லை. பெயரிலேயே பொறி இருக்கிறது: கிண்ணத்தில் கொஞ்சம் வினிகர், ஒரு சொட்டு பாத்திர சோப்பு. சோப்பு இல்லாவிட்டால் நீர்ப்பரப்பில் நின்று குடித்துவிட்டுப் பறந்துவிடும், இருந்தால் மூழ்கும். ஒரு குறையை ஒப்புக்கொள்கிறேன். தனித்தமிழில் எழுதுகிறவர்கள் சிலர் எல்லா அமிலத்துக்கும் காடி என்றே எழுதுகிறார்கள். அப்புறம் புணர்ச்சி. சேர்த்தால் 'காடியீ' ஆகும், என்னவோ போல இருக்கிறது. பிரித்தே எழுதுங்கள், இலக்கணம் கோபித்துக்கொள்ளாது. 'பழவீ' மட்டும் என்ன வாழ்கிறதாம்?

'பழக்கொசு' என்று எழுதுகிறவர்களிடம்தான் எனக்கு உண்மையான சண்டை. சிறியதாக இருந்தால் கொசு என்று யார் சொன்னது? படத்தில் உணர்கொம்பைப் பாருங்கள். கொசு வகைக்கு அது நீளமாக, பல கணுக்களோடு இருக்கும். காடி ஈக்கு முகத்தோடு ஒட்டிய குட்டைக் கொம்பு. பூந்தொட்டி ஈரமண்ணிலிருந்து கிளம்பும் கறுப்புப் பூச்சியைக் கொசு என்றால் உறவுமுறை சரி, கால் நீளம், கொம்பு நீளம். ஆனால் அது கடிக்காது. அதைச் சேர்த்துச் சொல்லாமல் வெறும் 'கொசு' என்று மொழிபெயர்த்துவிட்டுப் போனால் படிக்கிறவர் கொசுவத்தி ஏற்றுவார்.

சரி, படத்தையாவது ஒழுங்காக எடுக்கச் சொன்னேன். எல்லாரும் தலைக்கு நேர் மேலிருந்து எடுக்கிறார்கள். அப்படி எடுத்தால் கூன் ஈயின் கூன் தெரியாது. அதுவும் இதே அளவு, இதே பழுப்பு. கிளப்பினால் உடனே பறக்காமல் விறுவிறுவென்று ஓடும். பக்கவாட்டில் ஒன்று, சிறகு நரம்பு தெரிய ஒன்று, பக்கத்தில் அளவுகோல். மூன்றும் இருந்தால் பாதிச் சண்டை தீர்ந்தது.

வினிகர்க் கிண்ணம் வைத்த மறுநாள் காலை பதினான்கு விழுந்ததாகச் சொன்னாள். நேற்று இன்னொரு படம் வந்தது, இந்த முறை பக்கவாட்டில். குளியலறைச் சுவரில் சாம்பல் நிறத்தில், இதயம் போல் அகன்ற சிறகு, உடம்பெல்லாம் மயிர். சாக்கடைக் குழாயின் வழவழப்பில் வளர்கிற அந்து ஈ, ஆங்கிலத்தில் 'moth fly'. செயலி என்ன பெயர் சொன்னது என்று கேட்டேன்.

"அந்துப்பூச்சி பறக்க" என்று போட்டிருந்ததாம்.